பாய் பள்ளத்தில் நான் கத்தியது

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அதிலாவது ஒரு நியாயம் இருக்கிறது. அதன் வாய், அதன் உயிர். நான் என் வாயால் என் மனைவியைக் கொல்லப் பார்த்தேன். விருந்தாளி யாராவது வந்தால் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வோம். சொல்லி முடித்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

நடந்த இடம் கும்மிடிப்பூண்டியிலிருந்து பழவேற்காடு போகிற பக்கம், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரு சவுடு மண் பள்ளம். ரோடு போடுவதற்காக வருஷக்கணக்கில் லாரி லாரியாக மண் எடுத்து, எடுக்க எடுக்க ஆழமாகி, கடைசியில் ஊற்றுத் தண்ணீர் வந்ததும் விட்டுவிட்டுப் போன இடம். நிலத்துக்காரர் ஒரு பாய். அதனால் எங்களுக்குள் அது பாய் பள்ளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே, மண்ணைக் கவ்வுகிற பல் டயர் போட்ட பைக்குகள் ஓடும். பாயுடைய ஏடிவி இரண்டும் ஓடும். நாங்கள் அதை நாலு சக்கர பைக்கு என்போம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. தொழிற்பேட்டையில் ஒரு பெரிய கோடவுனில் நான் சரக்கு தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். பதினெட்டு வருஷம். புதிதாக வருகிறவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் நான்தான். கற்றுக்கொடுப்பது என்றால் கத்துவது. உள்ளே ஒரே சமயத்தில் ஏழெட்டு வண்டி ஓடும், ரிவர்ஸ் அலாரம் அலறும், கூரையில் பெரிய மின்விசிறி இரையும். அதையெல்லாம் தாண்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு என் குரல் போகும். “உனுக்கு இருக்கறது தொண்டையா, கம்பெனி சங்காய்யா?” என்று மேனேஜரே கேட்டிருக்கிறார். எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன்.

என் மனைவி அதே கோடவுனில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, “நானும் அந்த வண்டிய ஓட்டறேன்யா” என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்புறம் கற்றுக்கொடுத்தேன். மூன்று மாதத்தில், மூன்றாவது அடுக்கு ரேக்கில், பக்கத்துக்கு நாலு விரல் இடைவெளியில், சரக்கு ஏற்றிய மரப்பலகையை, அதுதான் பேலட்டை, உரசாமல் சொருகினாள். எங்கள் கோடவுனில் வண்டி ஓட்டிய முதல் பெண் அவள்தான்.

அவளுக்கும் சரி, மற்றவர்களுக்கும் சரி, முதல் நாளே நான் மண்டையில் ஏற்றுவது ஒன்றுதான். வண்டி சாய்ந்தால் குதிக்காதே. ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடி, காலை ஊன்று, சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உடம்பைச் சாய்த்துச் சீட்டிலேயே இரு. ஃபோர்க்லிஃப்ட்டில் தலைக்கு மேல் ஒரு இரும்புக் கூண்டு உண்டு. உள்ளே இருக்கிறவனை அது காப்பாற்றும். குதிக்கிறவன் மேல்தான் வந்து விழும். ஆனால் மனுஷனுக்குப் பயத்தில் குதிக்கத்தான் தோன்றும். அந்த எண்ணத்தை அடித்து விரட்டுவதுதான் என் வேலை. யாராவது ஒரு வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஒடித்தால் போதும், எங்கிருந்தாலும் “வுடாத! புடி!” என்று கத்துவேன். சத்தம் கேட்டதும் அவர்கள் கை தானாக இறுகும். யோசிக்கிறதுக்கு முன்னாலேயே இறுகும். அதற்காகத்தானே கத்துகிறேன்.

எங்களை மண்ணுக்கு இழுத்துக்கொண்டு போனவன் ஒரு வெல்டர். கோடவுனில் ரேக் பழுது பார்க்க வருபவன், ஊர் பள்ளிப்பட்டு. ஆந்திர எல்லைக்காரன் ஆனதால் யாரைப் பார்த்தாலும் ‘நைனா’தான். பழைய பைக் ஒன்றை வாங்கி, வேண்டாததையெல்லாம் அறுத்துப் போட்டு, மட்கார்டைத் தூக்கிக் கட்டி, பல் டயர் மாட்டி வைத்திருந்தான். அவன் கண்ணுக்கு நிலம் என்பதே வேறு. நாம் தரிசு என்று சொல்லிவிட்டுப் போகிற இடத்தில் அவன் நின்றுவிடுவான். “நைனா, அந்தக் கரைய பாத்தியா, எப்டி எறங்குது பாரு” என்பான். எனக்கு அங்கே கரையைத் தவிர ஒன்றும் தெரியாது.

ஒரு மே மாதத்தில் கடம்பத்தூர் தாண்டி ஒரு ஏரிக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனான். நான் என்னுடைய சாதாரண பைக்கில், பின்னால் மனைவி. கரையேறி, அந்தப் பக்கம் ஏரியின் வயிற்றுக்குள்ளேயே இறங்கினோம். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சக்கரத்தடியில் நத்தை ஓடு நொறுங்கியது. நடுவில் போய் வண்டியை நிறுத்தித் தலையைத் தூக்கினேன். கரை மேல் இருந்த பனைமரங்கள் எங்கேயோ உயரத்தில் நின்றன. மதகுச் சுவரில் தண்ணீர் நின்ற அளவுக்கு ஒரு கறை, என்னைப் போல இரண்டு ஆள் உயரத்தில். நாலு மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்றிருந்தால் தலைக்கு மேல் மீன் போயிருக்கும்! அரக்கோணம் ரயிலில் போகும்போதெல்லாம் அந்த ஏரியைப் பார்த்திருக்கிறேன். அதன் அடியில் போய் நிற்கலாம் என்று நாற்பத்து மூன்று வயதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. “யப்பா” என்றேன். என் மனைவி இறங்கி, ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, “நவுரு, நான் ஓட்டறேன்” என்றாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் மண்தான். ஆரணி ஆற்று மணலில் ஓட்டி, சக்கரம் புதைந்து, மூன்று பேரும் தள்ளியே கை கழன்றது. பள்ளிப்பட்டு மலையடிவாரத்தில் கல்லும் முள்ளும் பட்டு டயர் கிழிந்தது. கறி வாங்கப் போக வேண்டிய நேரத்தில் புழுதியில் புரண்டுவிட்டு வருகிறார்கள் என்று தெருவில் பேச்சு. பேசட்டும். பிறகுதான் வெல்டர் எங்களைப் பாய் பள்ளத்துக்குக் கூட்டிப் போனான்.

விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். எங்கள் கோடவுனை அப்படியே தூக்கி உள்ளே வைத்தால் கூரைகூட வெளியே தெரியாது, அவ்வளவு ஆழம். சுவர் முழுக்க மண் அடுக்கடுக்காகத் தெரிந்தது. மேலே ஒரு முழம் கருத்த மண். அதன் கீழே ரத்தச் சிவப்பு. அப்புறம் மஞ்சள். நடுவில் வெளுத்த களிமண் ஒரு பட்டை, பள்ளத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஒரே மட்டத்தில் ஓடியது. அடியில் பச்சைத் தண்ணீர், தண்ணீரோரம் ஒரு கொக்கு. எத்தனை காலத்து மண்ணோ அது, எந்தெந்த வெள்ளம் கொண்டுவந்து போட்டதோ. கோயிலில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“இந்த மண்ணெல்லாம் எங்க போச்சு பாய்?” என்று பக்கத்தில் வந்து நின்ற நிலத்துக்காரரிடம் கேட்டேன்.

“நீங்க வந்த ரோட்டுக்கு அடியிலதான் தம்பி இருக்குது” என்றார் அவர். “தெனம் அது மேலதான போறீங்க.”

வீட்டுக்குத் திரும்பும்போது மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி ஏறியது. இத்தனை வருஷமாக ஏறுகிற ஏற்றம்தான். அன்றைக்கு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பாய் பழவேற்காட்டுக்காரர். இறால், மீன் வியாபாரம் செய்கிற குடும்பம். கடலோர மணலில் ஐஸ் பெட்டி இழுப்பதற்கென்று ஏடிவி இரண்டு வாங்கினார். பெட்டி இழுத்த நாளைவிட விளையாடிய நாள்தான் அதிகம் என்று அவரே சொல்வார். அந்த வண்டிகளை யார் கேட்டாலும் ஓட்டத் தருவார், காசு வாங்கமாட்டார். ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். சாவி வேண்டுமென்றால் முதலில் பத்து தடவை விழுந்து காட்ட வேண்டும்.

பள்ளத்தின் ஓரத்தில் மெத்தென்று மணல் கொட்டி வைத்திருந்தார். வண்டியை அணைத்து அங்கே நிறுத்துவார்கள். ஓட்டப்போகிறவர் ஏறி உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கிச் சாய்ப்பார்கள். சாய்கிறது என்று தெரிந்த அந்தக் கணமே கையை விட்டுவிட்டு, தூக்கிய பக்கமாக, அதாவது மேட்டுப்பக்கமாகப் பாய்ந்து மணலில் விழ வேண்டும். “இதுக்குக் கூண்டு இல்லமா” என்று என் மனைவியிடம் விளக்கினார். “புடிச்சிக்கினு இருந்தா, உங்களுக்கு மேல இருக்கறது வண்டிதான். வுட்டுடணும். வுட்றதுதான் இதுல மொத பாடம்.”

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். “பதினெட்டு வருஷமா வண்டி ஓட்டறேன் பாய். எனக்கு வுழ கத்துத் தரீங்களா?” என்றேன். அவர் கோபப்படவில்லை. “செரி தம்பி, நீங்க வேடிக்க பாருங்க” என்றார். அதோடு சரி, எனக்கு ஏடிவி சாவி கிடையாது. நானும் கேட்கவில்லை. வீம்பு.

என் மனைவி ஏறி உட்கார்ந்தாள். பாயும் வெல்டரும் தூக்கினார்கள். வண்டி சாய்ந்தது. அவள் விடவில்லை. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து, காலை ஊன்றி, உடம்பை எதிர்ப்பக்கம் சாய்த்துச் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடி, இம்மி பிசகாமல். அவர்கள் இரண்டு பேரும் வண்டியைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். மறுபடி தூக்கினார்கள். மறுபடியும் விடவில்லை.

“கை வுட மாட்டேங்குது பாய்” என்றாள். அழுகிற குரல்.

“பாத்தீங்களா ட்ரெய்னிங்க!” என்றேன் நான். ஆமாம், சொன்னேன். மார் தட்டிக்கொண்டு சொன்னேன். மற்றவர்கள் அரைமணி நேரத்தில் முடிக்கிற பத்து விழுகைக்கு அவளுக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. மூட்டை மாதிரி அவள் மணலில் விழும்போதெல்லாம் நான் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டு கிண்டல் செய்தேன். நாலாவது வாரம் கடைசித் தடவை பாய்ந்து விழுந்து, வாயிலிருந்து மணலைத் துப்பிவிட்டு எழுந்தாள். பாய் அவள் உள்ளங்கையில் சாவியை வைத்தார்.

அதற்கப்புறம் அவள் ஓட்டியதை நான் எப்படிச் சொல்வேன்! அந்த வண்டியில் கிளட்ச் கிடையாது, கட்டைவிரலால் அழுத்தினால் போகும். கட்டைவிரல் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுக்கு மண் பின்னால் பறக்கும். முதலில் ஃபோர்க்லிஃப்ட் மாதிரி இதிலும் பின்சக்கரம்தான் திரும்பும் என்று நினைத்து இரண்டு தடவை புதரில் விட்டாள். பிறகு பழகிக்கொண்டாள். தண்ணீரோரச் சேற்றில், சரளையில், லாரி இறங்கின பழைய பாதையில் என்று மண்ணுக்குத் தகுந்தபடி உடம்பை மாற்றி மாற்றி உட்கார்ந்து ஓட்டினாள். வீட்டில் குழாயடியில் குடம் தூக்கும்போது முதுகு வலிக்கிறது என்பவள் இவள்தானா என்று வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன்.

பள்ளத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சரிவு இருக்கிறது. அடியிலிருந்து உச்சிவரை ஒரே ஏற்றம். நாங்கள் அதைப் பெரிய மேடு என்போம். வெல்டர் மட்டும்தான் அதில் பைக்கில் ஏறுவான். அடியிலிருந்து ஓட்டமாக வந்து, பெட்ரோல் டேங்க் மேல் நெஞ்சைச் சாய்த்து, வெள்ளைக் களிமண் பட்டையில் வண்டி ஒரு கணம் தடுமாறி, பிறகு ஒரே மூச்சில் உச்சியைத் தாண்டி ஆகாசத்தில் மறைந்துவிடுவான். இரண்டு சக்கரமும் வெறும் காற்றில் நிற்கிற அந்த நொடியில் யாருமே மூச்சு விடமாட்டோம். நான் ஒரு தடவை நடந்தே, நாலு காலால் தவழ்கிற மாதிரி, அதில் ஏறிப் போனேன். மேலே நின்றால் ஒரு பக்கம் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள், தெற்கே மீஞ்சூருக்கு அப்பால் மின்நிலையத்துக் கோபுரங்கள், கிழக்கே கண்ணைச் சுருக்கினால் பழவேற்காட்டு ஏரி ஒரு வெள்ளைக் கோடாக. நான் வேலை பார்க்கிற இடம் இவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இறங்கி வந்து அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்றையிலிருந்து அவளுக்கு அந்த மேட்டில் ஏற வேண்டும்.

“இன்னாமே, உனுக்கு புத்தி கெட்டுப் போச்சா? கீழயே ஓட்டிக்கினு இருக்க வேண்டியதுதான?”

“கோடவுன்ல எவ்ளோ ஒசரம் தூக்கினாலும் பேலட்டுதான்யா மேல போவுது. நான் கீழயேதான கீறேன்” என்றாள்.

எனக்குப் பதினெட்டு வருஷமாகத் தோன்றாதது இவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஆனாலும் சண்டை போட்டேன். மூன்று வாரம் வீட்டில் சட்டி பானை உருளாத குறை. கடைசியில் பாய்தான், “அவங்க கை தயாரா இருக்குது தம்பி, நான் பார்த்துக்கினுதான் இருக்கேன்” என்றார். நான் முறைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன்.

அது ஒரு மாசி மாதத்து ஞாயிறு. காலைப்பனி அப்போதுதான் விலகியிருந்தது. நான் சரிவின் அடியில், தண்ணீருக்கும் மேட்டுக்கும் நடுவில் நின்றேன். பாயும் வெல்டரும் கொஞ்சம் தள்ளி. அவள் ஹெல்மெட்டை மாட்டி, வண்டியில் இருக்கிற கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். ஆள் விழுந்தால் அந்தக் கயிறு இழுபட்டு இன்ஜின் அணைந்துவிடும். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டைவிரலை அழுத்தினாள்.

ஏறினாள் பாருங்கள்! பாதி மேடு வரைக்கும் சிவப்பு மண் இரண்டு பக்கமும் தெறிக்க, வண்டி ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு போனது. வெள்ளைக் களிமண் பட்டையை முன்சக்கரம் தொட்டது. பனியில் அந்தக் களி சோப்புப் போல இருந்திருக்கிறது. முன்சக்கரம் வழுக்கியது. வண்டி பக்கவாட்டில் திரும்பி, சரிவுக்குக் குறுக்கே நின்றது. மேட்டுப்பக்கத்துச் சக்கரம் இரண்டும் மண்ணைவிட்டு மெல்ல எழும்பின.

நான் கத்தினேன்.

“வுடாத! புடிமே! கெட்டியா புடி!”

பள்ளத்தின் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது என் குரல். கொக்கு எழுந்து பறந்தது. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், என் வாய்க்குத் தெரிந்தது அது ஒன்றுதான். வண்டி கவிழ்ந்தது. ஒரு உருளல், இரண்டு, மூன்று. என்னைத் தாண்டிப் போய்த் தண்ணீரோரச் சேற்றில் சக்கரம் நாலும் ஆகாசத்தைப் பார்க்க விழுந்தது. எனக்குச் சீட்டைப் பார்க்கத் தைரியம் இல்லை.

“மேல பாரு நைனா! மேல!” என்று வெல்டர் அலறினான்.

அவள் சரிவில் குப்புறக் கிடந்தாள். களிமண் பட்டைக்கும் மேலே, மேட்டுப்பக்கத்தில். இரண்டு கையிலும் மண்ணை அள்ளிப் பிடித்திருந்தாள். நான் எப்படி ஏறினேன், எத்தனை தடவை சறுக்கினேன், தெரியாது. போய்ச் சேர்ந்தபோது எழுந்து உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“வண்டிக்கு இன்னா ஆச்சு?” என்று கேட்டாள்.

எனக்குப் போன உயிர் வந்தது. அழுதேன். மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி. அவள் என் தலையில் கை வைத்து, “ஒண்ணியும் இல்லயா, வுடு” என்றாள். அவள் கையிலிருந்த மண்ணெல்லாம் என் தலையில் கொட்டியது.

கீழே இறங்கி வண்டியைப் புரட்டினோம். ஹேண்டில் மடங்கி, சீட்டுக்குள் குத்தி நின்றது. அவள் பிடித்துக்கொண்டிருந்தால் அவள் நெஞ்சு இருந்திருக்க வேண்டிய இடம் அது. நான் பார்த்தேன். பாய் பார்த்தார். “இரும்புதான, அடிச்சி நிமித்திக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெல்டர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினான். வெயில் ஏறியது. களிமண் காய்ந்து வெளிறிக்கொண்டு வந்தது. அவள் டம்ளரை வைத்துவிட்டு, “பாய், இன்னோரு வண்டி கீது இல்ல?” என்றாள்.

நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். இந்த வாய்க்கு இன்றைக்கு என்ன யோக்கியதை? பாய் என்னையும் அவளையும் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

“நான் கத்த மாட்டேன்” என்றேன். “சத்தியமா. மூச்சு வுட மாட்டேன்.”

உதட்டைக் கடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றேன். அவள் கிளம்பினாள். கால்வாசி மேடுகூட ஏறவில்லை, ஒரு சின்னக் கல்லில் முன்சக்கரம் எகிறியது. அவ்வளவுதான். “புடி!” என்று வந்துவிட்டது. நான் சொல்லவில்லை, அது வந்தது. அவள் பிரேக்கைப் பிடித்து நின்றாள். மெல்ல மெல்லப் பின்னாலேயே இறங்கி வந்து, இன்ஜினை அணைத்து, என்னிடம் நடந்து வந்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள், மற்ற இரண்டு பேருக்கும் கேட்கக் கூடாதென்று.

“காலைல வண்டி சாஞ்ச ஒடனே நான் கைய வுட்டுட்டேன்யா. அப்போ நீ கத்தின. வுட்ட கையி திரும்பப் போயி புட்ச்சிக்கிச்சி. நான் புடிக்கல, அதுவே புட்ச்சிது. உன் கொரலுக்கு. அப்பறம் மறுபடி வுட்றதுக்குள்ள…” நிறுத்தினாள். “கோடவுன்ல உன் கொரல் கேட்டா எனுக்கு தைரியம். இங்க அத்த கேட்டா நான் செத்துடுவேன். நீ போயி ரோட்டு கேட்டாண்ட நில்லு. இன்னா?”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். முறைப்பு இல்லை, கிண்டல் இல்லை. கெஞ்சினாள். இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

போனேன். பள்ளத்திலிருந்து மேலே ஏறி, சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே நடந்து, ரோட்டைப் பார்த்த இரும்பு கேட் வரைக்கும் போனேன். அங்கிருந்து பார்த்தால் பள்ளமே தெரியாது, முள்மரமும் வானமும்தான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பெரிய மேட்டில் ஏறும்போது நான் அங்கேதான் நிற்கிறேன். எத்தனையோ பேர் அவள் ஏறுவதைப் பார்த்திருக்கிறார்கள். எங்கிருந்தெல்லாமோ வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. வெல்டர் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினான். அதைப் பார்த்தும் ‘புடி’ என்று கத்திவிட்டேன், பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்தார்கள்.

அந்த முதல் நாள் கேட்டில் நின்றபோது இன்ஜின் கிளம்புகிற சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். பதினெட்டு வருஷம் இன்ஜின் சத்தத்தோடு குப்பை கொட்டியவனுக்கு ஒன்றையும் பார்க்க வேண்டியதில்லை. இதோ அடியில் ஓட்டம் எடுக்கிறாள். இதோ ஏற்றம் தொடங்கிவிட்டது, சத்தம் கனக்கிறது. இதோ சிவப்பு மண். சத்தம் திடீரென்று கீச்சிட்டது. களிமண், சக்கரம் சும்மா சுற்றுகிறது. கத்தினாலும் அங்கே கேட்காது. ஆனாலும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். கீச்சுச் சத்தம் இழுத்தது, இழுத்தது, பிறகு சட்டென்று கனமாக மாறியது. பிடித்துவிட்டது! ஏறுகிறாள், ஏறுகிறாள். நின்றுவிட்டது.

ஒன்றும் கேட்கவில்லை. ரோட்டில் ஒரு லாரி போனது. அதன் சத்தம் அடங்கும்வரை நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“யோவ்!”

முள்மரங்களுக்கு மேலே, எங்கிருந்தோ, வானத்திலிருந்து வருகிற மாதிரி.

“யோவ்! மேல வந்துட்டேன்யா! ஏரி தெரியுது!”

கேட்டிலிருந்து அந்த மேட்டு உச்சி நல்ல தூரம். கோடவுனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உள்ள தூரத்தைப் போல நாலு மடங்கு இருக்கும். ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாகக் கேட்டது. அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று இருபது வருஷமாக எனக்குத் தெரியவே தெரியாது.